வெட்டுவான் கோயிலும் கொலைக் கதையும்

கழுகுமலை என்னும் பெயர் மலேசியத் தமிழருக்குப் புதியதன்று. தைப்பூசக் காலத்தில் காவடிக்குப் பின்பாட்டுப் பாடிய தலைமுறையினர், சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து வழியே அப்பெயரைக் கேட்டு வளர்ந்தனர். சிந்து போற்றுவது மலையடிவாரத்தில் பாறையைக் குடைந்த கோயிலில் எழுந்தருளியுள்ள முருகனை. அதே மலையின் மேல், கூரை முடிந்தும் அடி முடியாமலும் நிற்கும் இன்னொரு கோயில் உண்டு என்பது, சிந்தை மனப்பாடமாகப் பாடியவருள் பலருக்கும் தெரியாத செய்தி. அதற்கு வெட்டுவான் கோயில் என்று பெயர்.

தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இம்மலையில், கி.பி. 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துக் கல்தச்சர் ஒரு பெரும்பணியைத் தொடங்கினர். கல்லை அடுக்கிக் கோயில் கட்டாமல், பாறையை ஏறத்தாழ 7.5 மீட்டர் ஆழத்திற்கு அகழ்ந்து, நடுவில் விடப்பட்ட ஒற்றைக் கல்லையே கோயிலாகச் செதுக்கத் தலைப்பட்டனர். எண்பட்டைச் சிகரம் நிறைவுற்றது. அதன் கீழே உமையொருபாகனும், நந்திகளும், கூத்தாடும் பூதகணங்களும் உருப்பெற்றன. தென்புறத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கும் கோலத்தில் அமர்ந்திருக்கிறார். கல்லாலின் கீழிருந்து சொல்லாமற் சொல்பவராகவே அவரை அறிந்த கண்ணுக்கு இது வியப்பூட்டும் வடிவம். மேலிருந்து கீழாகப் பார்வையை இறக்கினால், ஓரிடத்தில் சிற்பம் நின்றுபோகிறது. அதன்கீழ் உளித்தடம் மட்டுமே உண்டு. அதற்கும் கீழே வெறும் பாறை.

ஏன் நின்றது என்னும் வினாவுக்கு மக்கள் வழக்கு ஒரு கதையை விடையாகத் தருகிறது. தந்தையும் மகனும் சிற்பிகள். தந்தை மலைமேல் சமணத் திருமேனிகளைச் செதுக்கிவந்தார். மகன் தனியே கீழே சிவன் கோயிலைச் செதுக்கிவந்தான். மகனின் வேலை தந்தையின் வேலையை விஞ்சியது. அவன் உளியின் ஓசையே இனிதென்று ஊரார் பேசினர். பொறாமை மூண்ட தந்தை, தம் கையிலிருந்த கருவியாலேயே மகனைக் கொன்றார். கோயில் அன்றோடு நின்றது. கதை ஊருக்கு ஊர் சிறிது மாறுபடும். சிலர் பந்தயம் என்பர், சிலர் தற்செயல் என்பர். கொலை மட்டும் எல்லா வடிவிலும் மாறாமல் இருக்கிறது.

சுற்றுலாக் குறிப்புகளிலும், சிறுவர் நூல்களிலும், பள்ளி விழா நாடகங்களிலும் இக்கதை இன்று வரலாறு போலவே இடம்பெறுகிறது. கதை கதையாக இருக்கும்வரை அதன்மேல் குறையில்லை. அது காரணமாக ஆகும்போதுதான் திறனாய்வுக்கு வேலை பிறக்கிறது. ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன் உழைத்த ஒரு கைவினைக் கூட்டத்தைப் பற்றி இன்றைய தமிழ் மாணவன் அறியும் ஒரே செய்தி, அவர்களுள் ஒருவன் மகனைக் கொன்றான் என்பதாக இருக்குமானால், அஃது அக்கூட்டத்துக்கு இழைக்கப்படும் அநீதியே ஆகும்.

கதையை மறுக்கும் சான்றைத் தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை; அதே மலையிலேயே அது பொறிக்கப்பட்டிருக்கிறது. கழுகுமலைப் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருமேனிகள் பல. அவற்றின் அடியில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஒவ்வொரு திருமேனியையும் யார் செய்வித்தார், யாருடைய நினைவாகச் செய்வித்தார் என்று அவை கூறுகின்றன. செய்வித்தோர் பல ஊரினர். குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் அவர்தம் மாணாக்கரும் அவருள் உண்டு. தச்சர், வேட்கோவர் போன்ற தொழிலாளரும் உண்டு. இவ்வளவு பேர், வேறுவேறு காலத்தில், வேறுவேறு வேண்டுதலுக்காகச் செய்வித்த உருவங்கள் ஒரே தந்தையின் ஒரே காலத்து வேலையாக இருந்திருக்க இயலாது. மேலேயிருந்து கருவியை ஓங்கிய அந்தத் தந்தைக்குக் கழுகுமலைப் பாறையில் நிற்க இடமில்லை.

கதைக்குள் மறைந்திருக்கும் இன்னொரு நினைப்பும் கவனிக்கத்தக்கது. மூத்தவன் கையில் சமணம், இளையவன் கையில் சைவம். பழைய சமயம் புதிய சமயத்தின் வளர்ச்சி கண்டு பொறாமல் கொன்றது என்னும் உட்பொருள், சொல்வோர் அறிந்தோ அறியாமலோ கதையில் ஏறியிருக்கிறது. மலையின் உண்மை வேறு. இங்குள்ள சமணக் கல்வெட்டுகளுள் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தவை உண்டு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சிக்கு வந்த அம்மன்னனைப் பாண்டியர் செப்பேடு பரம வைணவன் என்று போற்றுகிறது. வைணவ மன்னனின் ஆட்சியாண்டைக் குறித்துச் சமணர் திருமேனி எடுத்தனர். அந்த மலையிலேயே சிவனுக்கு ஒற்றைக் கற்றளி எழத் தொடங்கியது. இத்தகைய மலையைக் கொலைக் களமாக்கிய கற்பனை, பிற்காலத்துச் சமயப் பிணக்குகளின் நிழலில் பிறந்திருக்கவே வாய்ப்பு மிகுதி.

கதை எங்கிருந்து முளைத்திருக்கும்? பெயரே ஒரு விதையாக இருந்திருக்கக் கூடும். வெட்டுவான் என்றால் கல்லை வெட்டுகிறவன். தொழிலைக் குறித்த சொல் அது. அதைக் கேட்ட பிற்காலத்துச் செவி, எதை வெட்டினான், யாரை வெட்டினான் என்று வினவியிருந்தால் கதையில் பாதி அப்போதே உருவாகியிருக்கும். மீதிப் பாதியை மற்றப் பகுதிகளிலும் வழங்கும் பொதுக் கதை தந்திருக்கிறது எனலாம். ஏனெனில் தந்தைச் சிற்பியும் மகன் சிற்பியும் கழுகுமலைக்கு மட்டும் உரியவரல்லர். கருநாடகத்தில் பேலூர்க் கோயிலைப் பற்றி ஜக்கணாச்சாரி கதை உண்டு. பெரிய சிற்பி செதுக்கிய திருமேனியில் குறை உண்டென்று முன்பின் அறியாத இளைஞன் ஒருவன் கூறுகிறான். கல்லுக்குள் தேரை இருப்பது வெளிப்படுகிறது. சொன்ன சொல் தவறாத சிற்பி தம் வலக்கையை வெட்டிக்கொள்கிறார். இளைஞன் தம் மகனே என்று பின்னர்த் தெரிகிறது. ஒரிசாவின் கோனாரக் கதையிலோ, 1,200 சிற்பியரால் முடிக்க இயலாத உச்சிக் கலசத்தைப் பன்னிரண்டு வயதுத் தர்மபதன் பொருத்துகிறான். தந்தையும் தோழரும் அதனால் மன்னன் சினத்துக்கு இரையாவரே என்றஞ்சிக் கடலில் குதித்து மாய்கிறான்.

மூன்று கதையிலும் எலும்புக்கூடு ஒன்றே. மகன் தந்தையை விஞ்சுகிறான். விஞ்சியதற்கு இரத்தம் விலையாகிறது. பேலூரில் தந்தையின் கை. கோனாரக்கில் மகன் தானே தந்த உயிர். கழுகுமலையில் மகனிடமிருந்து பறிக்கப்பட்ட உயிர். மூன்றனுள் கழுகுமலைக் கதையே கொடியது. மற்றிரண்டிலும் தியாகம் என்னும் ஒளி சிறிதளவேனும் உண்டு. கழுகுமலைக் கதையில் அதுவும் இல்லை.

பேலூரில் கல்லில் எழுதப்பட்ட உண்மையைக் கதையோடு ஒப்பிட்டால் கைவினைஞர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பது புலப்படும். 1117இல் விஷ்ணுவர்த்தனன் காலத்தில் எழுந்த அக்கோயிலின் சிற்பியர் தம் பெயர்களைத் தாமே பொறித்துச் சென்றிருக்கின்றனர். அப்பெயர்களுள் பள்ளிகாவி ஊரினரான தாசோஜாவும் அவர் மகன் சாவணாவும் உள்ளனர். இருவரும் ஒரே கோயிலில் வேலை செய்தனர். இருவரும் தத்தம் சிற்பத்தின் கீழ் ஒப்பமிட்டனர். தந்தை மகனைக் கொல்லவுமில்லை, மகனுக்காகக் கையை இழக்கவுமில்லை. உண்மையான தந்தையும் மகனும் கல்லிலேயே இருக்க, ஊர் வேறிருவரைக் கற்பித்து அவர்களைப் பற்றியே பேசுகிறது. கதைக்குச் சண்டை வேண்டும். ஒற்றுமையாக வேலை செய்த குடும்பத்தை வைத்துக் கதை சொல்வது கடினந்தான்.

எனினும் எல்லாக் கதையையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முறையன்று. எல்லோரா கைலாசநாதர் கோயிலும் கழுகுமலை போலவே மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டது. இராட்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தோடு தொடர்புடையது. அதைப் பற்றி மராத்தி மரபில் ஒரு கதை வழங்குகிறது. மன்னன் நோயுற்றபோது அரசி, அவன் நலம் பெற்றால் சிவனுக்குக் கோயில் எடுப்பதாகவும், அதன் சிகரத்தைக் காணும்வரை உண்பதில்லை என்றும் நோன்பு பூண்டாள். மன்னன் நலம் பெற்றான். அடிப்படையிட்டுச் சுவரெழுப்பிச் சிகரம் காண்பதற்குள் அரசியின் உயிர் தங்குமா? கோகாசன் என்னும் தச்சன், மலையின் உச்சியிலிருந்து செதுக்கத் தொடங்கிச் சில நாளிலேயே சிகரத்தைக் காட்டி அவளை உண்ணச் செய்தான்.

இக்கதையும் கற்பனையே. ஆனால் தொழிலை அறிந்தவன் செய்த கற்பனை. கட்டும் கோயிலில் சிகரம் கடைசியில் வரும்; வெட்டும் கோயிலில் அது முதலில் வரும் என்னும் நுட்பமே இக்கதையின் முடிச்சு. முடிச்சை அவிழ்ப்பதும் அந்நுட்பமே. இதைக் கேட்கும் சிறுவன் கதையின்பத்தோடு கைலாசநாதர் கோயில் எப்படி ஆயிற்று என்பதையும் அறிந்துகொள்கிறான். கழுகுமலைக் கதையைக் கேட்கும் சிறுவன் அங்குள்ள கோயிலைப் பற்றி எதையும் அறிவதில்லை. அக்கொலை மண்பானை செய்யும் இடத்தில் நடந்திருந்தாலும் கதை மாறாது. கதைகளை மதிப்பிடப் பல அளவுகோல்கள் உண்டு. தொழிலைப் பற்றிய கதைக்கு, அது தொழிலை அறிந்திருக்கிறதா என்பதே தக்க அளவுகோல்.

கழுகுமலைக் கதையிலும் தொழிலறிவு துளி கூட இல்லை என்பதற்கில்லை. உளியோசையை வைத்து வேலையை மதிப்பிடும் இடம் அத்தகையது. தமிழ்நாட்டுச் சிற்ப மரபில் கல்லைத் தட்டிக் கேட்டே தேர்வர். மணியோசை போல ஒலிப்பதை ஆண்கல் என்றும், மெல்லொலி தருவதைப் பெண்கல் என்றும், ஒலி தராததை அலிக்கல் என்றும் பிரிப்பர். 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பெற்ற அரசு சிற்பப் பயிற்சி நிலையம், பின்னர்க் கல்லூரியாக வளர்ந்து, இம்மரபை இன்றைய மாணாக்கர்க்கும் உரியதாக்கியிருக்கிறது. ஓசையைக் கேட்டு வேலையறியும் செவி கதையைக் கட்டியவருக்கு இருந்திருக்கிறது. அந்தச் செவியோடு கண்ணும் இருந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

கண் காண்பது இதுதான். வெட்டுவான் கோயிலில் முடிந்த பகுதி ஒரு பக்கத்தில் மட்டும் முடிந்திருக்கவில்லை. சிகரம் சுற்றிலும் நிறைவுற்றிருக்கிறது. எல்லாப் பக்கத்திலும் பணி ஏறத்தாழ ஒரே மட்டமாகக் கீழிறங்கி வந்திருக்கிறது. ஒருவன் தனியே அமர்ந்து செதுக்கிய வேலைக்கு இஃது அடையாளமன்று. பாறையை அகழ்வோர், சில்லுகளை வாரிக் கொட்டுவோர், உருவத்தைப் பருமட்டாக வெட்டுவோர், நுண்வேலை செய்வோர், மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி அடித்துக் கூராக்கித் தரும் கொல்லர் என ஒரு கூட்டமே வேண்டும். கடுங்கல்லில் உளிமுனை விரைவில் மழுங்கும்; கொல்லன் உலை அணைந்தால் சிற்பியின் கையும் ஓயும். இத்தகைய கூட்டத்தில் ஒருவன் மாண்டால் துயரம் உண்டு, வேலை நிற்பதில்லை. உளியை அடுத்தவன் எடுத்துக்கொள்வான்.

மேலிருந்து இறங்கும் வேலையில் கல்லே சாரமாகிறது. இன்னும் வெட்டப்படாத பாறைமேல் நின்றுகொண்டே சிகரத்தைச் செதுக்கலாம். அது முடிந்ததும் நின்ற இடத்தையே அகழ்ந்து கீழே இறங்கலாம். இதற்கு ஈடாக ஒரு கடுமையும் உண்டு. அகற்றிய கல்லை மீண்டும் ஒட்ட முடியாது. மலாக்காவின் ரெம்பியா வட்டாரத்திலும் பிற தோட்டப்புறங்களிலும் மரஞ்சீவி வாழ்ந்த பெரியோர்க்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பால்மரத்தின் பட்டையைக் கத்தி மேலிருந்து கீழாகவே நாள்தோறும் சிறிது சிறிதாகச் சீவி இறங்கும். ஆழம் தவறி மரத்தைத் தொட்டால் காயம் விழும். அவ்விடத்தில் பட்டை மீண்டும் சீராக வளராது. எடுப்பதே வேலையாக உள்ள தொழில்கள் யாவற்றுக்கும் இந்த அச்சம் பொது. தட்சிணாமூர்த்தியின் விரல் மிருதங்கத்தின்மேல் படிந்திருக்கும் நேர்த்தியை இந்த அச்சத்தோடு சேர்த்துப் பார்த்தாலன்றி அதன் அருமை தெரியாது.

முற்றாமை வேறு, சிதைவு வேறு என்பதையும் மாணாக்கர்க்குப் பிரித்துக் காட்டவேண்டும். மலாக்காப் பட்டணத்தில் போர்த்துகீசியர் கோட்டையின் வாயில் ஒன்று தனித்து நிற்கிறது. 1511இல் நகரைக் கைப்பற்றிய பின் அவர்கள் எழுப்பிய கோட்டை முழுமையாக நின்று, 1807இல் ஆங்கிலேயர் இடிக்கத் தொடங்கியபின் அழிந்தது. அந்த வாயில் சொல்வது முடிவை. வெட்டுவான் கோயில் சொல்வது தொடக்கத்தையும் இடைநிலையையும். முழுமையான கோயிலில் வேலையின் தடங்கள் மெருகில் மறைந்துவிடும். நின்றுபோன கோயிலில் அவை திறந்த ஏடு போலக் கிடக்கின்றன. மாமல்லபுரத்தின் முற்றாத குடைவரைகளில், பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகக் கோடிட்டு, கோட்டில் பள்ளம் வெட்டி, இடையிலுள்ள கட்டங்களை உடைத்தெடுத்த முறையை இன்றும் காணலாம். அங்குள்ள வலையன்குட்டை, பிடாரி ரதங்களும் மேலே முடிந்து கீழே நின்றவையே. பல்லவர் குடைந்த முறை இன்று தெரிகிறது என்றால், பெரும்பங்கு அவர்கள் முடிக்காமல் விட்டவற்றாலேயே தெரிகிறது.

தனி மனிதன் கதையை விட்டவுடன் பலரும் பற்றிக்கொள்வது மன்னர் கதையை. அரசு வீழ்ந்தது, பணி நின்றது என்பர். அது பொருந்தும் இடமாக உலகம் எடுத்துக்காட்டுவது பாரசீகம். பெர்செபோலிஸ் அரண்மனைகளுக்குத் தெற்கே, மலைப்பாறையில் தொடங்கி முடிக்கப்படாத அரச கல்லறை ஒன்று உண்டு. முடிந்த கல்லறைகளில், பேரரசின் பல நாட்டு மக்கள் தூக்கி நிற்கும் மேடைமேல் மன்னன் தீவேள்வியின் முன் நிற்பதும், அதன்கீழே தூண்களோடு கூடிய அரண்மனை முகப்பும் செதுக்கப்பட்டிருக்கும். இதிலோ மேற்பகுதி மட்டுமே உருப்பெறத் தொடங்கிற்று. பாரசீகக் கல்தச்சரும் மேலிருந்தே இறங்கினர் என்பதற்கு அதுவே சான்று. இக்கல்லறையை மூன்றாம் தாரியசுக்கு உரியதாகப் பலர் கொள்வர். கி.மு. 330இல் அலெக்சாந்தர் நகரை எரித்ததும், அதே ஆண்டு தாரியசு தன் ஆளுநராலேயே கொல்லப்பட்டதும் வரலாறு. அரசு வீழ, கல்லறை நின்றது என்பது அங்கே ஏற்கத்தக்க விளக்கமே.

அந்த விளக்கத்தை அப்படியே கழுகுமலைக்குக் கொண்டுவர இயலாது. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வீழ்ந்துகொண்டிருந்தவரல்லர். நெடுஞ்சடையன் காலம் அவர்தம் வலிமைக் காலம். அடுத்த நூற்றாண்டிலும் அவர் ஆட்சி தொடர்ந்தது. மன்னன் கதையும் தந்தை கதையும் ஒரு வகையில் உடன்பிறப்புகளே. இரண்டும் ஒரே மனிதனின் விதியில் ஒரு பெரும்பணியின் விதியை ஏற்றிவிடுகின்றன. பெர்செபோலிசிலேயே இதற்கு எதிர்ச்சான்று கிடைத்தது. 1933இல் தொடங்கி அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்ட களிமண் ஏடுகளுள் பெருந்தொகுதி, முதலாம் தாரியசு காலத்துப் பொருள் வழங்கல் கணக்கு. எந்தக் கூட்டத் தொழிலாளர்க்கு எவ்வளவு தானியம் அளக்கப்பட்டது, மகப்பேறு கண்ட பெண்களுக்கு எவ்வளவு கூடுதலாகத் தரப்பட்டது என்றெல்லாம் அவை பேசுகின்றன. மன்னரைச் சுமந்த மேடைக்கு அடியில் இருந்தவர்களின் கணக்கு அது.

இவ்வளவு கூறியபின், கொலைக் கதையை வகுப்பறையிலிருந்து விலக்கிவிடலாமா என்று கேட்கலாம். விலக்கவேண்டியதில்லை. இடம் மாற்றிப் படித்தால் போதும். கோயில் வரலாற்றில் அதற்கு இடமில்லை. ஆசிரியர் மாணாக்கர் உறவைப் பற்றிய பாடத்தில் அதற்கு இடமுண்டு. குலத்தொழிலில் தந்தையே ஆசான். தான் அறிந்த யாவற்றையும் ஊட்டி வளர்த்த மாணவன் தன்னைக் கடந்து செல்லும் நாளில் ஆசானின் நெஞ்சில் எழும் உவகையைத் தமிழ் நூல்கள் நிரம்பப் பேசியுள்ளன; திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரம் அதை அறமாகவே வகுத்திருக்கிறது. அந்த உவகையோடு கலந்து எழக்கூடிய கசப்பைப் பேச ஏட்டிலக்கியம் கூசியது. வாய்மொழிக் கதை கூசவில்லை. ஊரார் புகழ்ந்த ஓசை தந்தையின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னால், பதினைந்து வயது மாணவனும் தயங்காமல் எழுதுவான். அவனுக்குப் பாடம் நடத்துகிறவர்க்கும் அவ்வினா உரியதே.

பெயர் அறிய விரும்புவோர்க்கும் வழி இல்லாமற் போகவில்லை. மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரியில் ஒரு பாறை உண்டு. அதில் மன்னரின் மெய்க்கீர்த்தி இல்லை, நிலக்கொடை இல்லை. சில பெயர்கள் மட்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன் என்று அப்பட்டியல் செல்கிறது. மாமல்லபுரப் பணியில் உழைத்தோர் பெயர்களே இவை என்பது ஆய்வாளர் கருத்து. அதே பாறையில், தச்சர்களோடு சேர்த்து, கொல்லன் ஒருவனின் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது.